நானே செய்த பிரேக் பெடல் இணைப்பு ஓட்டத்தில் முறிந்தது: மறுபடியும் வெல்டிங் செய்வதா, வேறு வழி உண்டா?

கேள்வி
எழுதியவர்: வாவிக்கரை (கல்லடி, மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். என் தந்தையார் வைத்திருந்த 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரை வீட்டு முற்றத்தில் வைத்துப் புதுப்பித்து வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் வேறு கார் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, இருப்பதையே நன்றாக ஓடக்கூடியதாக்குவது என்று முடிவு செய்தேன். பழைய 948 சி.சி. எஞ்சினை எடுத்துவிட்டு 1300 சி.சி. டொயோட்டா எஞ்சினும் அதற்குரிய ஐந்து கியர்ப் பெட்டியும் பொருத்தி, முன் சில்லுகள் இரண்டிற்கும் டிஸ்க் பிரேக் போட்டேன்.

மைனரின் மாஸ்டர் பம்ப், அதாவது பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் பம்ப், சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, சட்டத்தின் உள்ளே இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அது ஒற்றைச் சுற்று என்பதால், எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சில்லுகளிலும் பிரேக் போய்விடும். அதை மாற்றி, பூஸ்டருடன் (மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) கூடிய இரட்டைச் சுற்று மாஸ்டர் பம்ப் ஒன்றை எஞ்சின் அறைக்கும் முன் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில் பொருத்தினேன். பெடலைப் பட்டை இரும்பில் நானே வெட்டி, டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்டேன். பெடலையும் பூஸ்டரையும் இணைக்கும் தள்ளுகோலுக்கு 12 மில்லிமீற்றர் மைல்ட் ஸ்டீல் கம்பியைப் பயன்படுத்தினேன். நேராகப் போக ஸ்டியரிங் தண்டு தடையாக இருந்ததால், கம்பியை இரண்டு துண்டுகளாக வெட்டி, தண்டைச் சுற்றிப் போகும்படி வளைவு வைத்து வெல்டிங் செய்து, கிரைண்டரால் வழுவழுப்பாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. கடைசி இரண்டு வாரங்களில் பெடல் சிறிது சிறிதாகக் கீழே இறங்குவது போலிருந்ததால், குழாய்க்குள் காற்று இருக்கும் என்று நினைத்து இரண்டு தடவை காற்று எடுத்தேன். மாற்றம் எதுவும் தெரியவில்லை. சென்ற வாரம் மாலை, கல்முனையிலிருந்து திரும்பி வரும்போது, களுவாஞ்சிகுடி தாண்டி வீதியின் குறுக்கே மாடுகள் ஏறின. பெடலை அழுத்தினேன், சிறிய ஓசை ஒன்றோடு அது தரையில் போய் விழுந்தது. மூன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, இடப்பக்க மணலில் இறக்கி நிறுத்தினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பின் இருக்கையில் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

கழற்றிப் பார்த்தபோது தள்ளுகோல் வளைவிலுள்ள வெல்டிங்கில் முறிந்திருந்தது. அதே கம்பியை மறுபடியும் ஒட்டி, இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பலப்படுத்தினால் போதுமா, அல்லது 16 மில்லிமீற்றர் கம்பியில் புதிதாகச் செய்வது நல்லதா? அளவுகள்: பெடல் தொங்கும் அச்சிலிருந்து பாதம் படும் இடத்தின் நடு வரை 280 மில்லிமீற்றர், அதே அச்சிலிருந்து தள்ளுகோலைப் பெடலோடு கோக்கும் ஊசி (பின்) வரை 70 மில்லிமீற்றர், தள்ளுகோலின் நீளம் 250 மில்லிமீற்றர்.

பதில் 1
எழுதியவர்: கடைசல் பட்டறை (கல்முனை)

தம்பி, பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஒன்றும் ஆகாதது இறைவன் அருள். வாகனத்தை இனி ஒரு அடி கூட அசைக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முறிந்த துண்டுகளை இன்னும் வெல்டிங் செய்யவில்லையென்றால் செய்யாதீர்கள். தேய்க்கவும் வேண்டாம், மண்ணெண்ணெயில் கழுவவும் வேண்டாம். முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே நிறமாக, புதிதாக உடைந்த இரும்பு போல மினுங்குகிறதா, அல்லது ஒரு பகுதி மங்கி, துருப்பிடித்த நிறத்தில் இருக்கிறதா? மங்கிய பகுதி இருந்தால், அது வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கிறதா, உட்பக்கத்தில் இருக்கிறதா? இன்னொன்று: வெல்டிங்கின் நடுவில் இரும்பு உருகிச் சேராமல், வெட்டிய முகம் வெட்டியபடியே தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

நாற்பது வயதுக்குள் நான் எத்தனையோ கலப்பைக் கொழுக்களையும் நெல் மூட்டை ஏற்றும் இழுவைப் பெட்டிகளின் கொக்கிகளையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். முறிந்த முகத்தைப் பார்க்காமல் ஒட்டிக் கொடுத்தவை மட்டுமே என்னிடம் திரும்பி வந்திருக்கின்றன. எப்படி முறிந்தது என்பதை அந்த முகமே சொல்லும்.

வளைவு எவ்வளவு என்பதையும் அளந்து எழுதுங்கள். இரண்டு முனைகளிலும் உள்ள ஊசிகளின் நடுவிலிருந்து நடுவிற்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூலிலிருந்து கம்பி அதிகபட்சம் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது?

பதில் 2
எழுதியவர்: அம்பாறை ஓட்டம் (அக்கரைப்பற்று)

நண்பரே, 16 மில்லிமீற்றர் கம்பியை எடுத்து, சூடாக்கி ஒரே துண்டாக வளைத்துவிட்டால் வெல்டிங்கே தேவைப்படாது. வளைவின் உட்பக்கத்தில் முக்கோணத் தகடு ஒன்றையும் வைத்துவிட்டால் இன்னும் உறுதி. என் பழைய ஜீப்பில் கிளட்ச் தள்ளுகோலை அப்படித்தான் செய்தேன். ஆறு வருடமாக ஒரு குறையும் இல்லை.

எழுதியவர்: வாவிக்கரை

கல்முனை நானா (அண்ணா), நீங்கள் சொன்னபடி துண்டுகளை அப்படியே வைத்திருந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். முகத்தின் ஏறத்தாழப் பாதி கருமை கலந்த காவி நிறம். மற்றப் பாதி மணல் மணலாக மினுங்குகிறது. காவிப் பகுதி வளைவின் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதை வெல்டிங் கசடு என்று நினைத்திருந்தேன். நடுவில் ஒரு பயறளவு இடத்தில் வாளால் அறுத்த கோடுகள் அப்படியே தெரிகின்றன. அங்கே இரும்பு உருகவே இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. நூல் பிடித்து அளந்ததில் விலகல் 40 மில்லிமீற்றர்.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடை தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றால் துருவேறி முறிந்திருக்குமா?

பதில் 3
எழுதியவர்: விசையும் நெம்பும் (சம்மாந்துறை)

நான் தொழில்நுட்பப் பாடம் கற்பிப்பவன். நீங்கள் தந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை இந்த எண்களில்தான் இருக்கிறது.

உங்கள் பெடலின் நெம்பு விகிதம் 280ஐ 70ஆல் வகுக்க வரும் 4. பூஸ்டர் உள்ள வாகனத்திற்கு இது பொருத்தமான விகிதமே. பூஸ்டர் இல்லாவிட்டால் 6 அளவில் வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் பாதம் தரும் விசை எதுவாயினும் தள்ளுகோலில் அதன் நான்கு மடங்கு இறங்கும். சாதாரணமாக வேகத்தைக் குறைக்கும்போது பாதம் 200 நியூட்டன் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமம். தள்ளுகோலில் 800 நியூட்டன் வருகிறது. 12 மில்லிமீற்றர் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 113 சதுர மில்லிமீற்றர் என்பதால், கம்பி நேராக இருந்திருந்தால் அதில் ஏற்படும் தகைப்பு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 7 நியூட்டன் மட்டுமே. மைல்ட் ஸ்டீல் 250 நியூட்டன் அளவில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பதை நினைத்தால், 7 என்பது ஒன்றுமே இல்லை.

ஆனால் உங்கள் கம்பி, விசை செல்லும் நேர்கோட்டிலிருந்து 40 மில்லிமீற்றர் விலகி நிற்கிறது. அதனால் அதே 800 நியூட்டன் அந்த வளைவில் 32,000 நியூட்டன் மில்லிமீற்றர் வளைவுத் திருப்பத்தை உண்டாக்குகிறது. 12 மில்லிமீற்றர் உருளைக் கம்பி வளைவை எதிர்க்கும் அளவு 170 கன மில்லிமீற்றர். வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 188 நியூட்டன். நேரான கம்பியில் 7 ஆக இருந்தது வளைந்த கம்பியில் அதன் 27 மடங்காகிவிட்டது. பிரேக்கை மெதுவாக அழுத்திய ஒவ்வொரு தடவையும், நடுவில் உருகாமல் விடப்பட்ட ஒரு வெல்டிங்கின்மீது இந்தச் சுமை விழுந்திருக்கிறது.

வளைந்த கம்பியின் இரு முனைகளையும் அழுத்தினால் அது இன்னும் அதிகமாக வளையப் பார்க்கும். அப்போது வளைவின் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசுங்கும். வெடிப்பு எப்போதும் இழுபடும் பக்கத்தில்தான் பிறக்கும். உங்கள் காவிப் பகுதி வெளிப்பக்கத்தில் இருப்பது இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. வெடிப்பு வாரக்கணக்கில் மெதுவாக உள்ளே நகர்ந்திருக்கிறது; உப்புக் காற்று திறந்த வெடிப்புக்குள் புகுந்து துருவேற்றியிருக்கிறது; நீங்கள் அடித்த பெயின்ட் அதை வெளியே தெரியாமல் மறைத்திருக்கிறது. மினுங்கும் பாதி களுவாஞ்சிகுடியில் அந்த மாலையில் உடைந்த பாதி. ஆகவே துரு பின்னால் வந்ததுதான். அது இந்த முறிவுக்குக் காரணம் அல்ல. பெடல் சிறிது சிறிதாக இறங்கியதும் காற்றினால் அல்ல, வெடித்த கம்பி ஒவ்வொரு அழுத்தலிலும் வளைந்து கொடுத்ததினால்தான்.

இனி 16 மில்லிமீற்றர் யோசனைக்கு வருகிறேன். அக்கரைப்பற்று நண்பர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் கிளட்ச் வேறு, பிரேக் வேறு. கிளட்சை யாரும் அச்சத்தில் முழு உடல் பலத்தோடு மிதிப்பதில்லை. கிளட்ச் கம்பி முறிந்தாலும் வாகனத்தை நிறுத்த வழியுண்டு. கார்களின் பிரேக்கிற்கான ஐ.நா. ஒழுங்குவிதி 13-எச், 500 நியூட்டனுக்கு மேற்படாத பாத விசையில் வாகனம் உரிய தூரத்தில் நிற்க வேண்டும் என்கிறது. அந்த 500 நியூட்டனில் உங்கள் 12 மில்லிமீற்றர் வளைவில் ஏற்படும் தகைப்பு 470. அதாவது வெல்டிங்கே இல்லாத கம்பியாக இருந்தாலும் அது வளைந்திருக்கும். 16 மில்லிமீற்றருக்கு மாறினால் இது 200 ஆகக் குறையும். ஆனால் ஒரு மனிதர் இருக்கையில் முதுகைக் கொடுத்து அச்சத்தில் அழுத்தினால் 1000 நியூட்டன் சாதாரணமாக வந்துவிடும். அப்போது 16 மில்லிமீற்றர் வளைவிலும் 400 ஏறிவிடும். மாணவர்கள் தாங்களே ஓட்டப்பந்தயக் கார் செய்யும் போமுலா ஸ்டூடன்ட் போட்டியின் விதிகளில் பிரேக் பெடல் 2000 நியூட்டனைத் தாங்க வேண்டும் என்று இருப்பது இந்தக் காரணத்தால்தான்.

நேரான 12 மில்லிமீற்றர் கம்பியில் பாதம் 2000 நியூட்டன் அழுத்தினாலும் தகைப்பு 71ஐத் தாண்டாது. 250 மில்லிமீற்றர் நீளத்தில் அது வளைந்து மடிந்துபோக 32,000 நியூட்டன் வேண்டும். உங்களிடம் வருவதோ அதிகபட்சம் 8000. ஆகவே கம்பியின் தடிப்பை மாற்ற வேண்டாம், பாதையை நேராக்குங்கள். ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் நேராகப் போகுமளவுக்குப் பூஸ்டரை நகர்த்த முடியுமா என்று அளந்து பாருங்கள். உங்கள் வேலை முழுவதும் இனி அந்த அளவில்தான் தங்கியிருக்கிறது.

பதில் 4
எழுதியவர்: பழைய டிப்போ (வாழைச்சேனை)

இலங்கைப் போக்குவரத்துச் சபையில் பல ஆண்டுகள் பஸ் பிரேக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சம்மாந்துறை ஆசிரியரின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தள்ளுகோலை மட்டும் நேராக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், அடுத்த முறிவு அதற்குப் பக்கத்தில் நடக்கும் என்பது என் அனுபவம்.

தம்பி பெடலைத் தொங்கவிட்ட இடம் எது? டாஷ்போர்டுத் தகடா? பூஸ்டரை மாட்டியிருப்பது நடுத் தகட்டில். பாதம் 500 நியூட்டன் கொடுத்தால் தள்ளுகோல் பூஸ்டரை 2000 நியூட்டனில் முன்னே தள்ளும். அதே நேரத்தில் பெடல் தொங்கும் அச்சு 1500 நியூட்டனில் சாரதியை நோக்கிப் பின்னே வரப் பார்க்கும். இந்த இரண்டும் வேறு வேறு மெல்லிய தகடுகளில் இருந்தால் ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் போய், நடுவில் உங்கள் மிதி வீணாகும். ஒருவரை உள்ளே இருத்திப் பெடலை அழுத்தச் சொல்லி, நீங்கள் பொனெட்டைத் திறந்து பூஸ்டரின் அடியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது அசைந்தால் தகடு போதாது.

தொழிற்சாலையில் செய்யும் கார்களில் பெடல், அதன் அச்சு, பூஸ்டர் மூன்றும் ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைந்திருப்பதைக் காணலாம். ஆகவே என் ஆலோசனை, பட்டை இரும்புப் பெடலையும் கைவிட்டுவிட்டு, பூஸ்டர் உள்ள ஏதாவதொரு சிறிய ஜப்பானிய காரின் பெடலை அதன் சட்டத்தோடு முழுமையாக வாங்குங்கள் என்பதுதான். கல்முனையில் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். அங்கே இல்லாவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் நிச்சயம் கிடைக்கும். பெடலும் பூஸ்டரும் மாஸ்டர் பம்பும் ஒரே காரிலிருந்து வந்தால் விகிதத்தைப் பற்றிய கவலையும் குறையும்.

இன்னும் சில விடயங்களைச் சொல்கிறேன், இவற்றைக் கவனிக்காமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். தள்ளுகோலின் நீளத்தைச் சரிசெய்யும்போது, பெடலை விட்டதும் மாஸ்டர் பம்பின் பிஸ்டன் முழுமையாகப் பின்னால் வந்து நிற்க வேண்டும். தள்ளுகோல் ஒரு மயிரிழை நீளமாக இருந்தாலும் பிஸ்டன் சற்று முன்னாலேயே நின்று, ஒயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துவாரத்தை மூடிவிடும். பிரேக் சூடேறும்போது குழாயில் விரியும் ஒயிலுக்குத் திரும்ப வழியில்லாமல் அழுத்தம் ஏறும், பிரேக் தானாகவே பிடிக்கும், பிடிக்கப் பிடிக்க இன்னும் சூடேறும். தள்ளுகோலில் 1 மில்லிமீற்றர் சும்மா அசையும் இடைவெளி விடுங்கள். உங்கள் விகிதத்தில் அது பெடலில் 4 மில்லிமீற்றராகத் தெரியும். பிரேக் விளக்கின் சுவிட்சும் இதே கேட்டைச் செய்யும்: அதை அளவுக்கு மேல் திருகிவிட்டால் அது பெடலை முழுதாகத் திரும்ப விடாது.

மட்டக்களப்பின் சமதரை வீதிகளில் இந்தக் குறைகள் வெளியே வராது. செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குப் போய், திரும்பி வரும்போது பசறை இறக்கத்தில் அவை ஒவ்வொன்றாக வெளிவரும்.

எழுதியவர்: வாவிக்கரை

ஐயா, ஆசிரியர் அவர்களே, நானா, மூவருக்கும் நன்றி. டிப்போ ஐயா சொன்னபடி மைத்துனரை உள்ளே இருத்தி, பழைய பெடலில், ஸ்டியரிங் தண்டுக்கு இடம்விட்டு வெட்டிய தடித்த மரத் துண்டொன்றைத் தற்காலிகமாகக் கொடுத்து அழுத்தச் சொன்னேன். நடுத் தகடு முன்னே பிதுங்குவதை என் கண்ணால் பார்த்தேன். அளந்ததில் 3 மில்லிமீற்றர். அப்படியானால் பாதம் நகர்ந்த தூரத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கும் அதிகமானது தகட்டை வளைப்பதிலேயே போயிருக்கிறது. இவ்வளவு நாளும் இதைத்தான் மென்மையான பிரேக் என்று நினைத்து ஓட்டியிருக்கிறேன்.

பூஸ்டரை 45 மில்லிமீற்றர் இடப்பக்கம் நகர்த்தினால் ஸ்டியரிங் தண்டு தடுக்காமல் நேர்கோடு கிடைக்கிறது. அப்படி நகர்த்த பற்றரியை வேறிடத்தில் வைக்க வேண்டும், செய்துவிடலாம். கல்முனையில் ஒரு கடையில் பெடலும் சட்டமும் பூஸ்டரும் ஒரே காரிலிருந்து கழற்றியதாகக் கிடைத்தன. சட்டத்தின் நான்கு துளைகளும் பூஸ்டரின் நான்கு போல்ட்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நடுத் தகட்டுக்கு இரு பக்கமும் 4 மில்லிமீற்றர் இரும்புத் தகடு வைத்து நெருக்கிப் பூட்டலாமா? வாங்கிய பொருட்களை எப்படிச் சோதிப்பது? பழைய பொருள் என்பதால் மனம் ஒப்பவில்லை.

பதில் 5
எழுதியவர்: கடைசல் பட்டறை (கல்முனை)

இரு பக்கமும் தகடு வைப்பது சரியான வழி, தம்பி. உட்பக்கத் தகட்டை மட்டும் கொஞ்சம் பெரிதாக வெட்டி, அதன் மேல் விளிம்பை டாஷ்போர்டுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தோடு ஒரு தாங்கியால் இணைத்துவிடுங்கள். அப்போது பெடலின் அச்சு பின்னே இழுபடுவதையும் அது தாங்கும். போல்ட்கள் 8 மில்லிமீற்றர், தலையில் 8.8 என்று பொறித்தவையாக இருக்கட்டும். கேற்றுக்கும் ஜன்னலுக்கும் போடும் எண் பொறிக்காத போல்ட்களை இதில் போட வேண்டாம். 4 மில்லிமீற்றர் தகட்டை மைனரின் மெல்லிய தகட்டோடு முழு நீளத்திற்கு வெல்டிங் செய்யப் போனால் மெல்லியது எரிந்து சுருளும், எனவே போல்ட்டில் பூட்டி, விளிம்பில் துருத் தடுப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் சீலர் போடுங்கள்.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். சட்டத்தையும் பெடலையும் காரில் ஏற்றும் முன், பாதம் படும் தட்டு வானத்தைப் பார்க்கும்படி, பலமான இரும்பு மேசை ஒன்றில் பக்கவாட்டாகப் போல்ட்டில் பூட்டுங்கள். தள்ளுகோலின் மறு முனை அசையாத இரும்புக் கட்டை ஒன்றில் முட்டி நிற்கட்டும். பாதத் தட்டில் சங்கிலியால் சீமெந்து மூட்டைகளைத் தொங்கவிடுங்கள். ஒரு மூட்டை 50 கிலோ. இரண்டு மூட்டை ஏறத்தாழ 980 நியூட்டன். நான்கு மூட்டை 1960 நியூட்டன். ஆசிரியர் சொன்ன 2000க்கு அது போதும். ஒவ்வொரு மூட்டையாக ஏற்றி, இறக்கிய பிறகு பெடல் பழைய இடத்திற்கே திரும்புகிறதா என்று கோடு கீறி வைத்துப் பாருங்கள். மூட்டைகளுக்குக் கீழே யாரும் காலை நீட்டக் கூடாது.

இதை மாஸ்டர் பம்பைப் பூட்டி வைத்துக்கொண்டு செய்துவிடாதீர்கள். நான்கு மூட்டைக்குத் தள்ளுகோலில் 8000 நியூட்டன் இறங்கும். 22 மில்லிமீற்றர் குழிவுள்ள பம்பானால் குழாயில் அழுத்தம் 200 பாரைத் தாண்டிவிடும், ரப்பர்கள் தாங்காது.

பழைய இணைப்பில் ஊசிக்குப் பதிலாக என்ன போட்டிருந்தீர்கள்?

எழுதியவர்: வாவிக்கரை

ஊசிக்குப் பதிலாக 8 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றைப் போட்டிருந்தேன், நானா. தலை வரை மரை உள்ளது. இப்போது பார்க்கிறேன், பெடலின் துளை முட்டை வடிவமாகிவிட்டது.

சோதனை இரண்டு நாட்களுக்கு முன் செய்தோம். நான்கு மூட்டையிலும் பெடல் கோட்டை விட்டு விலகவில்லை. சட்டத்தின் வெல்டிங்குகளைப் பெயின்ட் நீக்கி உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்ததில் வெடிப்பு எதுவும் இல்லை. நேற்றுக் காரில் ஏற்றி, நடுத் தகட்டை மறுபடியும் அளந்தேன். மைத்துனர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு அழுத்தியும், அசைவு அரை மில்லிமீற்றருக்குக் குறைவு. தள்ளுகோல் நேராக இருக்கிறது. எங்கும் வெல்டிங் இல்லை. வாங்கிய பெடலுடன் வந்ததையே மரையால் நீளம் சரிசெய்து, பூட்டு நட்டையும் இறுக்கினேன். எல்லாப் பழைய ஒயிலையும் வெளியேற்றி டொட் 4 நிரப்பினேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பெடலை விட்டதும் கடைசிச் சிறிது தூரம் மிக மெதுவாகத்தான் திரும்புகிறது.

பதில் 6
எழுதியவர்: பழைய டிப்போ (வாழைச்சேனை)

பிரேக் விளக்குச் சுவிட்சை இரண்டு சுற்றுப் பின்னே திருகிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் மெதுவாக இருந்தால் பெடல் அச்சின் புஷ் காய்ந்திருக்கும்; கழற்றித் துடைத்துக் கிரீஸ் வையுங்கள். திரும்பும் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போடுங்கள், அதன் விலை ஒரு தேநீர்ச் செலவு.

வீதியில் ஏறும் முன் இன்னொன்றையும் செய்ய வேண்டும். இரட்டைச் சுற்றுப் பம்பின் பயன், ஒரு சுற்றுப் போனாலும் மற்றச் சுற்றுப் பிடிப்பதுதான். ஆனால் அப்போது பெடல் வழக்கத்தை விட ஆழமாகப் போகும். முன் சில்லொன்றின் காற்று எடுக்கும் திருகைத் திறந்து, குழாயைப் போத்தலுக்குள் விட்டு, பெடலை முழுதாக மிதியுங்கள். பெடல் தரையையோ கம்பளத்தையோ தொடும் முன் பின் சில்லுகள் பிடிக்க வேண்டும். பிறகு முன்னதை மூடி, பின்னதைத் திறந்து அதே போலப் பாருங்கள். பெடல் தரையில் முட்டினால் தள்ளுகோலின் நீளமோ பெடலின் உயரமோ சரியில்லை என்று அர்த்தம். முடிந்ததும் மறுபடியும் காற்று எடுக்க மறக்க வேண்டாம்.

எஞ்சினும் பிரேக்கும் மாறிய வாகனம் என்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்க மாற்றத்தைப் பதிந்துகொள்ளுங்கள். காப்புறுதிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

எழுதியவர்: வாவிக்கரை

சுவிட்சுதான் காரணம், ஐயா. இரண்டு சுற்றுப் பின்னே எடுத்ததும் பெடல் சட்டென்று திரும்புகிறது. கையால் அசைத்தால் 4 மில்லிமீற்றர் இடைவெளி தெரிகிறது. இரண்டு சுற்றுகளையும் தனித்தனியே திறந்து பார்த்தேன். முன் சுற்றைத் திறந்தபோது பெடல் தரைக்கு 50 மில்லிமீற்றர் மேலேயும், பின் சுற்றைத் திறந்தபோது 60 மில்லிமீற்றர் மேலேயும் நின்றது. இன்று காலை கடற்கரை வீதியில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், 20 கிலோமீற்றர் வேகத்திலும் பிறகு 40 கிலோமீற்றர் வேகத்திலும் பத்துப் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தேன். நான்கு சில்லுகளும் ஒன்றாகப் பிடிக்கின்றன, ஒரு பக்கம் இழுக்கவில்லை. வந்ததும் சில்லுகளைக் கையால் தொட்டுப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே சூடு.

ஊசி மட்டும் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. கடையில் கிடைத்த 8 மில்லிமீற்றர் ஊசி 6 மில்லிமீற்றர் நீளம் கூடியது. அதில் வாஷர்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.

பதில் 7
எழுதியவர்: கடைசல் பட்டறை (கல்முனை)

வாஷர் அடுக்கியதோடு பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், தம்பி. அந்த ஊசியையும் எடுத்துக்கொண்டு, பெடல் கவையின் உள் அகலத்தையும் வெளி அகலத்தையும் எழுதி, சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். மரையில்லாத உருளையாகக் கடைந்து, ஸ்பிளிட் பின்னுக்குச் சரியான இடத்தில் துளை போட்டுத் தருகிறேன். ஸ்பிளிட் பின் புதிதாக நான்கு தருகிறேன். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் பழையதை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.